ஒரு சொல்லின் ஓட்டம்

ஆங்கிலம் கற்பதற்குக் கடினமான மொழி என்று பலர் கூறக் கேட்டிருக்கின்றோம். அக்கடினம் எங்கே உளது என்று வினவினால், பெரும்பாலோர் நீண்ட சொற்களையே சுட்டிக் காட்டுவர். எழுத்துக்கூட்டும்போதே நாத் தளரும் பன்னிரண்டு எழுத்துச் சொற்களே மாணவனை மருட்டுகின்றன என்பது அவர்கள் எண்ணம். நெடுங்காலம் வகுப்பறையில் நின்றவன் என்ற முறையில் நான் கண்டது வேறு. நீண்ட சொல் மாணவனை நெடுநேரம் வருத்துவதில்லை. அதற்குப் பெரும்பாலும் ஒரு பொருளே உண்டு; ஒருமுறை அகராதியைப் பார்த்துவிட்டால் அதன் கதை முடிந்தது. 'ஃபோட்டோசிந்தசிஸ்' என்னும் சொல் எந்நூலில் வரினும் ஒளித்தொகுப்பையே குறிக்கும். மாணவனைத் திகைக்க வைப்பவை மூன்றெழுத்துச் சொற்களே. கீழ்வகுப்பிலே 'இது எனக்குத் தெரியும்' என்று அவன் ஒதுக்கி வைத்த சொற்கள், மேல்வகுப்பிலே வேறு வேடம் பூண்டு வந்து அவன் முன் நிற்கின்றன. அப்பொழுது அவன் அகராதியையும் நாடுவதில்லை. தெரிந்த சொல்லுக்கு அகராதி எதற்கு?

அத்தகைய சொற்களுள் ஒன்றை மட்டும் இன்று எடுத்துக்கொள்வோம். 'ரன்' என்பது அச்சொல். ஆங்கிலத்தில் மூன்றே எழுத்துகள். 'ஓடு' என்று பொருள் கூறி, நாய் ஓடுகிற படத்தையும் காட்டி, பாலர் வகுப்பிலேயே அதனைக் கற்பித்து விடுகின்றோம்.

ஒருமுறை எட்டாம் வகுப்பு மாணவர்க்குச் சில ஆங்கில வாக்கியங்களைக் கொடுத்துத் தமிழில் எழுதுமாறு கூறினேன். யாவற்றிலும் 'ரன்' என்னும் சொல் இருந்தது. ஒருவர் ஒரு கடையை நடத்துகிறார் என்னும் கருத்துடைய வாக்கியத்தை ஒரு மாணவன், 'அவர் ஒரு கடைக்கு ஓடுகிறார்' என்று எழுதினான். ஆசிரியருக்குப் பொறுமை போய்விட்டது என்று பொருள்படும் 'ரன் அவுட்' தொடரை ஒரு மாணவி, 'ஆசிரியர் பொறுமையிலிருந்து வெளியே ஓடினார்' என்று எழுதினாள். வகுப்பு முழுவதும் சிரித்தது. ஆயினும் அப்பிள்ளை எழுதியதில் ஓர் ஒழுங்கு இருந்தது. 'ரன்' என்றால் ஓடு, 'அவுட்' என்றால் வெளியே. இரண்டையும் அவள் பிழையின்றிக் கூட்டியிருந்தாள். ஒரு சொல்லுக்கு ஒரு பொருள் என்னும் வாய்பாடு எவ்வளவு தூரம் கொண்டுசெல்லுமோ அவ்வளவு தூரம் அவள் சென்றிருந்தாள். அதற்கு மேல் அந்த வாய்பாட்டிற்கு வழியில்லை.

இவ்விடர்ப்பாடு நம் பிள்ளைகளுக்கு மட்டும் உரியதன்று. ஆங்கிலேயருள் பேரறிஞராய் விளங்கிய சாமுவேல் ஜோன்சன், ஏறக்குறைய ஒன்பது ஆண்டுகள் உழைத்து 1755ஆம் ஆண்டு தம் அகராதியை வெளியிட்டார். அதன் முகவுரையிலே, பொருள் வரையறுக்க இயலாதபடி தம்மை அலைக்கழித்த எளிய வினைச்சொற்கள் சிலவற்றை அவர் வரிசையாகக் குறிப்பிடுகின்றார். வா, போ, கொடு, எடு, விழு என்னும் பொருளுடைய சொற்களோடு 'ரன்' என்பதும் அவ்வரிசையில் உண்டு. அரிய சொற்களுக்கெல்லாம் பொருள் கண்டவரை அன்றாடச் சொற்களே தடுத்து நிறுத்தின.

பின்னர் எழுந்தது ஒக்ஸ்போர்ட் ஆங்கிலப் பேரகராதி. 1857ஆம் ஆண்டு இலண்டன் மொழிநூற் கழகத்திலே அதற்குரிய எண்ணம் தோன்றியது. 1884இல் முதற் பகுதி வெளிவந்தது. 1928இலேதான் வேலை நிறைவெய்தியது. அதன் ஆசிரியராய் நெடுங்காலம் உழைத்த ஜேம்ஸ் மரே ஒரு பள்ளிக்கூட ஆசிரியராய் இருந்தவர். தோட்டத்திலே இரும்புத் தகட்டால் ஒரு கொட்டகை அமைத்து, நாடெங்குமிருந்து தொண்டர்கள் எழுதியனுப்பிய துண்டுத் தாள்களை அங்கே வகைப்படுத்தினார். அவர் 1915இல் மறைந்தார். முடிந்த அகராதியைக் காணும் பேறு அவருக்கு வாய்க்கவில்லை.

அவ்வகராதியின் 1989ஆம் ஆண்டுப் பதிப்பிலே மிகுந்த இடத்தைப் பிடித்துக்கொண்ட சொல் 'செட்' என்பது. அதற்கு 430 பொருள்கள் காட்டப்பட்டன. பின்னர் அகராதியைப் புதுக்கும் வேலை தொடங்கியது. 'ரன்' என்னும் சொல்லை ஆராயும் பணி பீற்றர் கில்லிவர் என்னும் அகராதி ஆசிரியரிடம் வந்தது. அவ்வொரு சொல்லில் அவர் ஒன்பது மாதங்கள் உழைத்தார். முடிவில், வினைச்சொல்லாக வரும் 'ரன்' என்பதற்கு மட்டும் 645 பொருள்கள் தேறின. 2011ஆம் ஆண்டு இச்செய்தி வெளியானபோது, 'செட்' என்பதை 'ரன்' முந்திவிட்டது என்று பலரும் வியந்து பேசினர்.

அறுநூற்று நாற்பத்தைந்து! நாளுக்கு ஒன்றாக மனனம் செய்யினும் ஓராண்டும் ஏறக்குறைய ஒன்பது மாதமும் செல்லும். இதனைக் கேட்ட மாணவன், 'இம்மொழியே எனக்கு வேண்டாம்' என்று எழுந்து போனாலும் அவனைக் குறை கூற இயலாது. ஆனால், ஆங்கிலக் குழந்தை எதுவும் அறுநூறு பொருளை மனனம் செய்து வளர்வதில்லை என்பதை நாம் நினைத்தல் வேண்டும். அக்குழந்தை கற்பது ஓர் அடிப்படைக் காட்சியை. எஞ்சிய பொருள்கள் அக்காட்சியிலிருந்து கிளைவிடுகின்றன. இக்கிளைகளுட் சிலவற்றைப் பற்றி மேலே செல்வோம்.

முதலாவது, காலால் ஓடுதல். அதில் இரண்டு கூறுகள் உண்டு: விரைவு ஒன்று, தடைப்படாத தொடர்ச்சி மற்றொன்று. விரைவை விட்டுத் தொடர்ச்சியை மட்டும் எடுத்துக்கொண்டால் இரண்டாவது கிளை தோன்றும். ஆற்றுநீர் ஓடுகிறது, குழாய்நீர் ஓடுகிறது, தடிமன் பிடித்த குழந்தைக்கு மூக்கால் ஓடுகிறது. இவ்விடங்களில் எல்லாம் ஆங்கிலேயர் 'ரன்' என்பர். அமெரிக்காவின் சில பகுதிகளிலே சிற்றோடைக்கே 'ரன்' என்று பெயர். 1861ஆம் ஆண்டு ஜூலை மாதம் வேர்ஜீனியாவிலே அமெரிக்க உள்நாட்டுப் போரின் முதற் பெரும் சமர் நிகழ்ந்தது. வடபுலத்தார் அதனை 'புல் ரன்' சமர் என்றனர். வரலாற்று நூலில் இப்பெயரைக் காணும் நம் மாணவன், போர்க்களத்திலே எருது ஓடியதென்று எண்ணினால் வியப்பில்லை. உண்மையில் அஃது அங்கு பாயும் ஓர் ஓடையின் பெயர். தென்புலத்தார் அண்மையிலுள்ள ஊரின் பெயரால் அதே சமரை 'மனாசஸ்' என்று வழங்கினர்.

மூன்றாவது கிளையில், இடம்பெயராத பொருள்களும் ஓடத் தொடங்குகின்றன. தெரு கடற்கரை வரை ஓடுகிறது. வேலி வளவைச் சுற்றி ஓடுகிறது. தெருவும் அசையவில்லை, வேலியும் அசையவில்லை. அவற்றைப் பின்பற்றிச் செல்லும் நம் கண்ணே ஓடுகின்றது.

நான்காவது, இயந்திரங்களின் ஓட்டம். பிரித்தானியாவிலே தபால் வண்டிகளும், 1825இலிருந்து நீராவியால் இழுக்கப்பட்ட புகைவண்டிகளும் பெருகியபோது, அவை குறித்த இடத்திற்குக் குறித்த நேரத்தில் ஒழுங்காகச் சென்றுவருதலை இச்சொல்லாற் குறித்தனர். அடுத்து, நின்ற இடத்திலேயே சுழலும் ஆலை இயந்திரமும் ஓடியது. மணிக்கூடு ஓடியது. இன்று கணினியில் ஒரு நிரலும் ஓடுகிறது. நாடகமும் இவ்வாறே ஓடும். அகதா கிறிஸ்டி எழுதிய 'மவுஸ்ட்ரப்' என்னும் நாடகம் 1952ஆம் ஆண்டு நவம்பரில் இலண்டனில் மேடையேறி, 2020இல் பெருந்தொற்றுக் காலத்தில் அரங்குகள் மூடப்படும் வரை இடையறாது நடைபெற்றது. 2021இல் மீண்டும் தொடங்கியது. அந்த நெடுங்காலத்தையும் ஆங்கிலத்தில் 'ரன்' என்றே கூறுவர்.

ஐந்தாவது, தீர்ந்துபோதல். மணற்கடிகாரம் ஒன்றை மனக்கண்முன் நிறுத்துக. மேற்குடுவையிலுள்ள மணல் ஓடி ஓடிக் கீழே விழுகிறது. முற்றும் ஓடியபின் எஞ்சுவது வெறுங்குடுவை. 'ரன் அவுட்' என்பதன் உயிர் இக்காட்சியிலே உள்ளது. அரிசி தீர்ந்தாலும், நேரம் தீர்ந்தாலும், ஆசிரியரின் பொறுமை தீர்ந்தாலும் நிகழ்வது ஒன்றே. இதனை விளக்கிய பின்னர், பொறுமையிலிருந்து ஆசிரியரை வெளியே ஓடச் செய்த அம்மாணவி, அத்தொடரை மீண்டும் பிழைபட எழுதவில்லை.

சில கிளைகள் அடிமரத்திலிருந்து வெகுதூரம் சென்றுவிட்டன. துடுப்பாட்டத்தை நோக்குக. இரண்டு விக்கெட்டுகளுக்கும் இடையே உள்ள தூரம் 22 யார். துடுப்பாட்டக்காரர் அத்தூரத்தை ஓடிக் கடப்பதனால் 'ஓட்டம்' என்ற பெயர் வந்தது. பந்து எல்லைக்கோட்டைத் தொட்டால் ஓடாமலே நான்கு ஓட்டம்; தரையைத் தொடாது கடந்தால் ஆறு. 1997ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் கொழும்பிலே இந்திய அணிக்கு எதிராக இலங்கை அணி 6 விக்கெட் இழப்பிற்கு 952 ஓட்டங்கள் எடுத்து உலக சாதனை படைத்தது. அவற்றுட் பல ஓடாமலே பெறப்பட்ட ஓட்டங்கள் என்பதை எவரும் வேடிக்கையாகக் கருதவில்லை. சொல் தன் பிறப்பிடத்தை மறந்து தன் வேலையைச் செய்கிறது.

வங்கியைப் பற்றியும் கூறவேண்டும். ஒரு வங்கியின் மேல் நம்பிக்கை தளர்ந்து, பணம் வைத்தோர் யாவரும் ஒரே வேளையில் திரும்பப் பெற முண்டியடிப்பதை 'ரன்' என்பர். 2007ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் பிரித்தானியாவில் 'நோர்தேர்ன் ரொக்' என்னும் வங்கிக்கு அது நேர்ந்தது. கிளைகளின் வாயிலிலே மக்கள் நீண்ட வரிசைகளிற் கால்கடுக்க நின்றனர். ஒருவரும் ஓடவில்லை, யாவரும் நின்றனர். ஆயினும் பத்திரிகைகள் அந்நிகழ்ச்சியை ஓட்டம் என்றே எழுதின. அங்கே ஓடியது மக்களின் அச்சமும் வங்கியின் பணமுமாகும்.

தேர்தலிலோ இன்னுமொரு புதுமை. அமெரிக்காவில் வேட்பாளர் பதவிக்கு ஓடுகிறார். பிரித்தானியாவில் வேட்பாளர் தேர்தலில் நிற்கிறார். நாமும் நிற்கிறார் என்றே கூறுகின்றோம். ஓடுவதும் நிற்பதும் ஒன்றுக்கொன்று மறுதலை. ஒரே மொழி பேசும் இரு நாட்டார் ஒரே செயலுக்கு அவ்விரண்டையும் வழங்குகின்றனர். ஒரு நாட்டார் அதனைப் பந்தயமாகக் கண்டனர். மற்றவர், மக்கள் முன் எழுந்து நிற்றலாகக் கண்டனர். சொற்பொருள் என்பது காண்பவன் நிற்கும் இடத்தையும் பொறுத்தது என்பதற்கு இது தக்க சான்று.

இனி, கடை நடத்துதலுக்கு வருவோம். எம் மாணவன் தடுமாறிய இடம் அதுவே. அத்தடுமாற்றத்திற்கு ஆங்கில மொழியின் வரலாற்றிலேயே ஒரு காரணம் உண்டு. பழைய ஆங்கிலத்திலே தானே ஓடுதலுக்கு ஒரு வினைச்சொல்லும், பிறிதொன்றை ஓடச் செய்தலுக்கு அதனோடு உறவுடைய வேறொரு வினைச்சொல்லும் இருந்தன. காலப்போக்கில் அவ்விரண்டும் ஒன்றிவிட்டன. தன்வினைக்கும் பிறவினைக்கும் ஒரே வடிவம் எஞ்சியது. தமிழோ அவ்வேறுபாட்டை இன்றுவரை காத்து நிற்கின்றது. குதிரை ஓடுகிறது, வீரன் குதிரையை ஓட்டுகிறான். ஓடு என்பது தன்வினை. ஓட்டு என்பது பிறவினை. 1906ஆம் ஆண்டு வ. உ. சிதம்பரம்பிள்ளை சுதேசிக் கப்பற் கம்பனியைத் தொடங்கி, தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே கப்பல் விடச் செய்தார். அவரைக் கப்பலோட்டிய தமிழன் என்கின்றோம். அவர் கப்பலின் சுக்கானைப் பிடித்தவர் அல்லர், கம்பனியை நடத்தியவர். ஆங்கிலேயர் கடையை 'ரன்' செய்கிறார் என்பதும் நாம் கப்பலோட்டினார் என்பதும் ஒரே வகைப் பேச்சு. 'ரன்' என்னும் சொல்லுக்குப் பின்னே 'எதனை' என்னும் வினாவிற்கு விடை வருமாயின் ஓடு என்பதை விட்டு ஓட்டு என்பதை நினைத்துக்கொள் என்று மாணவனுக்குச் சொல்லிப் பாருங்கள். வாக்கியம் பெரும்பாலும் விளங்கிவிடும்.

இவ்விடத்தில் இன்பமூட்டும் வேறுபாடு ஒன்றையும் காண்கின்றோம். கடையையும் பாடசாலையையும் ஆங்கிலேயர் ஓட்டுகின்றனர், நாம் நடத்துகின்றோம். நடத்துதல் என்பது நடக்கச் செய்தல். ஒரே நிறுவனம் ஒரு மொழியில் ஓடுகிறது. மற்றொரு மொழியில் நடக்கிறது. பாடசாலை அதிபராகிய எனக்கு நடத்தல் என்பதே ஏற்புடையதாகத் தோன்றுகிறது. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு செல்பவன் ஓடினால், பின்தங்குவோர் பலராவர்.

நேயர்களே, இதுவரை நான் ஆங்கிலச் சொல்லைப் பற்றிக் கூறியவற்றில், உங்களுக்கு முன்பே பழக்கமான ஒரு குரலும் கேட்டிருக்கும். அது நம் 'ஓடு' என்னும் சொல்லின் குரல். நீர் ஓடும், ஆதலின் நீரோட்டம். குருதி ஓடும், ஆதலின் இரத்த ஓட்டம். வயிறு கெட்டால் வயிற்றோட்டம். ஆங்கிலப் பேச்சு வழக்கிலும் அந்நோய்க்கு 'ரன்' என்பதன் பன்மையே பெயர். தேர் ஓடும்; ஆதலின் தேரோட்டம். புதுத்தேர் செய்து முடித்தபின், விழாவிற்கு முன்னர் அதனை ஒருமுறை இழுத்துப் பார்ப்பது வெள்ளோட்டம். ஆங்கிலத்தில் 'டிரையல் ரன்' என்பது அதற்கு நேரானது. ஓடை என்னும் நம் சொல்லை 'புல் ரன்' என்பதன் அருகே வைத்துப் பாருங்கள். ஓடுதல் என்னும் ஒரே கருத்து இரு மொழியிலும் சிற்றாறாகப் பாய்வது புலனாகும். வேர் மண்ணில் ஓடுகிறது. எண்ணம் எங்கோ ஓடுகிறது. படம் நூறு நாள் ஓடுகிறது. பிறர் துன்பத்தின்பால் கண் ஓடுதலைக் கண்ணோட்டம் என்றனர் நம் முன்னோர். திருக்குறளில் அதற்கென ஓர் அதிகாரமே உண்டு. ஒரு வினைச்சொல் அருளைக் குறிக்கும் அளவிற்கு உயர்ந்த நிலை அது.

புகையிரதமும் நம் மொழியில் ஓடுகிறது. இலங்கையில் 1864ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் கொழும்பிலிருந்து அம்பேபுஸ்ஸை வரை முதற் புகையிரதம் ஓடியது. 1956இல் யாழ்தேவி ஓடத் தொடங்கியது. 1990இல் யாழ்ப்பாணத்திற்கான அதன் ஓட்டம் நின்றது. 2014ஆம் ஆண்டு ஒக்டோபரில் மீண்டும் யாழ்ப்பாணம் வரை ஓடியது. 'யாழ்தேவி ஓடுகிறதாம்' என்று அந்நாளில் ஒருவர்க்கொருவர் கூறியபோது, சக்கரம் சுழல்வதை மட்டுமா அச்சொல் குறித்தது? வழி திறந்தது, உறவினர் வருவர், வாழ்வு பழைய ஒழுங்கிற்குத் திரும்பும் என்னும் இத்தனையும் அந்த ஒரு வினைச்சொல்லில் அடங்கியிருந்தன. அகராதி அப்பொருளைத் தனியே எண்ணிட்டுக் காட்டுவதில்லை. கேட்டவர் யாவர்க்கும் அது விளங்கியது.

இவ்விடத்தில் ஒரு மயக்கத்தையும் நீக்கிக்கொள்ளல் வேண்டும். பல பொருள் ஒரு சொல் என்று நாம் கூறுவனவற்றுள் இருவகை உண்டு. கூரையின் மேலுள்ளது ஓடு. முட்டையின் மேலுள்ளதும் ஓடு. பிச்சைப் பாத்திரம் திருவோடு. இவற்றுக்கும் ஓடுதல் என்னும் வினைக்கும் ஒலி ஒன்று, கருத்துறவு ஒன்றுமில்லை. அவை ஒரே பெயருடைய இரு வேறு குடும்பத்தார். அதனால் அகராதிகள் அவற்றைத் தனித்தனியே பதிகின்றன. நீரோட்டமும் தேரோட்டமுமோ ஒரே குடும்பத்துப் பிள்ளைகள். ஆங்கிலத்திலும் கரடியைக் குறிக்கும் 'பெயர்' என்னும் சொல்லும் சுமத்தலைக் குறிக்கும் 'பெயர்' என்னும் சொல்லும் ஒலியாலும் எழுத்தாலும் ஒத்தனவேயன்றி உறவுடையன அல்ல. சிங்கள மொழியில் 'ரன்' என்றால் பொன். அதற்கும் நாம் பேசும் ஆங்கிலச் சொல்லுக்கும் யாதொரு தொடர்பும் இல்லை. உறவில்லாதவற்றைத் தனித்தனியே மனனம் செய்யத்தான் வேண்டும். உறவுள்ளவற்றை உறவறிந்து கற்றால் மனனச் சுமை குறையும்.

இவ்வகைச் சொற்களை நம் முன்னோர் நன்கு ஆராய்ந்துள்ளனர். சூடாமணி நிகண்டின் பதினோராந் தொகுதி ஒருசொற் பல்பொருட் பெயர்த் தொகுதியாகும். திண்ணைப் பள்ளியிலே நிகண்டு கற்ற சிறுவர், ஒரு சொல் பல பொருள் தாங்கும் என்பதை இளமையிலேயே அறிந்திருந்தனர். அதற்கும் முற்பட்ட தொல்காப்பியர், பல பொருள் ஒரு சொல்லின் பொருளை எவ்வாறு துணிவது என்பதற்கே வழி வகுத்துள்ளார். உடன்வரும் வினையாலும், இனத்தாலும், சார்பாலும் அது தெளிவுபடும் என்பது அவர் கருத்து. 'மா' என்னும் சொல்லை எடுத்துக்கொள்க. மா பூத்தது என்றால் அது மரம். மா ஓடிற்று என்றால் அது விலங்கு. அருகிலுள்ள சொல் ஐயத்தைத் தீர்க்கிறது.

தமிழுக்குச் சொன்ன இவ்விதி ஆங்கிலத்திற்கும் பொருந்துவதை நான் வகுப்பில் கண்டுள்ளேன். 'ரன்' என்னும் சொல்லைக் கண்டவுடன் அதன் பொருளைத் தேடாதே; அதன் அயலாரைப் பார். ஓடுவது யார் அல்லது எது? ஆளா, நீரா, இயந்திரமா, தெருவா? அச்சொல்லுக்குப் பின்னே செயப்படுபொருள் உண்டா? 'அவுட்', 'ஓவர்', 'அப்', 'டவுன்' என்னும் சிறுசொற்களுள் ஏதேனும் ஒன்று ஒட்டி நிற்கிறதா? இம்மூன்று வினாக்களுக்கும் விடை கண்ட மாணவன், அகராதியிலுள்ள நூற்றுக்கணக்கான பொருள்களில் மூன்றோ நான்கோ மட்டும் எஞ்சும் அளவிற்கு அவற்றைக் குறைத்துவிடுவான். அவற்றுள் ஏற்றதைத் தெரிவு செய்வது அவனால் இயலாத செயலன்று.

இவ்வளவு விரிவாக இதனைக் கூறுவதற்குக் காரணம் உண்டு. 1987ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பின்னர், ஆங்கிலம் இந்நாட்டின் இணைப்பு மொழி என்று அரசியலமைப்பு கூறுகின்றது. நகரத்துப் பிள்ளைகளிற் பலர் அம்மொழியை வீட்டிலே கேட்கின்றனர். சிற்றூர்ப் பிள்ளையோ அதனைப் புத்தகத்திலே மட்டும் காண்கிறான். பரீட்சைத் தாளிலே தெரிந்த சொற்களால் ஆகிய வாக்கியம் ஒன்று தெரியாத பொருளைத் தந்து நிற்கும்போது, அவன் மொழியைக் குறை கூறுவதில்லை. தன் அறிவையே ஐயுறுகின்றான். 'சிறிய சொல்லே எனக்கு விளங்கவில்லையே' என்று வெட்கமுற்று, வினாவை விட்டுவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டுகின்றான். சில பிள்ளைகள் அவ்வாறு பாடத்தையே விட்டுவிடுகின்றனர். அறிவுக்குறையால் வந்த தோல்வியன்று அது. தன் தாய்மொழியிலே நாள்தோறும் தான் எளிதாகச் செய்துவரும் ஒரு செயலையே ஆங்கிலமும் கேட்கின்றது என்பதை எவரும் அவனுக்கு எடுத்துக் கூறாமையால் வந்த தோல்வி.

ஆதலால் ஆசிரிய நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஒரு பக்கம் ஆங்கிலச் சொல், மறுபக்கம் தமிழ்ப் பொருள் என்று இரண்டு பத்தியாக எழுதும் சொற்கொப்பி பயனுடையதே. அதனைக் கைவிட வேண்டியதில்லை. ஆயினும் இத்தகைய சிறுசொற்கள் சிலவற்றுக்கேனும் ஒவ்வொரு முழுப்பக்கம் ஒதுக்குங்கள். புதிய பொருள் எதிர்ப்படும்போதெல்லாம், தனிச் சொல்லாக எழுதாமல், அது வந்த வாக்கியத்தோடு அப்பக்கத்தில் எழுதச் செய்யுங்கள். ஆண்டு முடிவில் அப்பக்கம் மாணவன் தானே தொகுத்த ஒரு சிற்றகராதியாக இருக்கும். ஜேம்ஸ் மரே தம் கொட்டகையிலே செய்த வேலையும் தன்மையால் இதுவே.

பெற்றோர்க்கும் ஒன்று கூறுவேன். ஆங்கிலம் தெரியாத நாம் பிள்ளைக்கு எவ்வாறு உதவுவது என்று தயங்க வேண்டாம். இன்றிரவு உணவின்பின் பிள்ளைகளை அருகிருத்தி, 'ஓடு' என்னும் சொல் வரும் தொடர்களை ஆளுக்கொன்றாகச் சொல்லச் செய்யுங்கள். பாட்டனார் சொல்வது ஒன்று, மீன்பிடிக்கும் மாமன் சொல்வது ஒன்று, வயலிலிருந்து வந்த தந்தை சொல்வது ஒன்று என்று இருபது முப்பது தொடர்கள் எளிதாகச் சேரும். நாளை 'பிடி' என்னும் சொல்லை எடுங்கள். மறுநாள் 'போடு' என்னும் சொல்லை எடுங்கள். ஒரு சொல்லுக்குள்ளே இத்தனை பொருள் இருந்தும் தான் ஒருபோதும் மயங்கியதில்லை என்பதைப் பிள்ளை தானே கண்டுகொள்வான். அதன்பின் ஆங்கிலப் புத்தகத்தை அவன் கையிற் கொடுங்கள். 'ரன்' என்னும் சொல்லை அவன் முன்போல அஞ்சமாட்டான்.